9.8 வராத பிள்ளைக்கு என்ன மதிப்பெண்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செய்முறைத் தேர்வுத் தேதிகளை உங்கள் நாளிதழில் பார்த்ததிலிருந்து கை துறுதுறுவென்று இருக்கிறது. இந்த நேரத்தில் நான் பியூரெட்டுகளை, அதாவது கரைசலை அளந்து சொட்டாக விடும் கண்ணாடிக் குழாய்களை, கழுவிக்கொண்டிருப்பேன். விருதுநகர் மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் 31 வருடம் ஆய்வக உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வாத்தியார் இல்லை. வாத்தியார் பாடம் நடத்துவார். பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்பதைப் பக்கத்தில் நின்று பார்க்கிறவன் ஆய்வக உதவியாளன். அப்படிப் பார்த்ததில் சிலவற்றைச் சொல்லவே இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தனி ஊசலிலிருந்து தொடங்குகிறேன். ஸ்டாண்டில் பிளந்த தக்கை, அதில் நூல், நுனியில் பித்தளைக் குண்டு. நூலின் நீளத்தைக் குண்டின் நடுப்புள்ளி வரை அளக்க வேண்டும். ஆட்டிவிட்டு 20 அலைவுக்கு (ஒரு தடவை போய்த் திரும்பினால் ஓர் அலைவு) எத்தனை விநாடி என்று ஸ்டாப் கிளாக்கில் பார்த்து, வகுத்து, வர்க்கம் எடுத்து, வாய்பாட்டில் போட்டால் புவியீர்ப்பு முடுக்கம் வரும். வரவேண்டியது 9.8 என்பது பரிசோதனை தொடங்கும் முன்பே வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். சிக்கலே அங்கேதான்.

ஒருநாள் ஒரு பையன் மேசையை விட்டு நகராமல் நின்றான். ஒரு மீட்டர் நூலுக்கு அவனுக்கு 38.1 விநாடி வந்திருந்தது. கணக்குப் போட்டால் 10.88. பக்கத்து மேசைப் பையன் 9.79 என்று எழுதி முடித்து ரெக்கார்டு நோட்டையே மூடிவிட்டான். அவன் குண்டை ஆட்டி நான் பார்க்கவில்லை. இவன் ரப்பரை எடுத்தான்.

"அழிக்காத தம்பி. இன்னொரு தடவை எண்ணு, நான் கேக்கேன்" என்றேன்.

குண்டை விட்டான். பட்டனை அழுத்தும்போதே "ஒண்ணு" என்றான். எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் சொல்லிக்கொடுத்தால் அது என் கண்டுபிடிப்பாகிவிடும். "சரி, இருபதுக்கு எடுத்துட்ட. இப்பப் பத்துக்கு எடு" என்றேன். 18.0 விநாடி வந்தது. ஒரு அலைவுக்கு 1.80. இருபதில் பார்த்தால் 1.905. அதே நூல், அதே குண்டு, அதே கை. எப்படி இரண்டு விடை வரும்? ஐந்து நிமிடம் குண்டையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு விரல் விட்டு எண்ணினான். "சார், நான் பிறந்த அன்னைக்கே ஒரு வயசுன்னு சொல்லிட்டேன்!"

ஆமாம். இருபது என்று அவன் நிறுத்தியபோது குண்டு 19 தடவைதான் ஆடி முடித்திருந்தது. அதற்குப் பிறகு அவனாகவே ஒன்று செய்தான், நான் அசந்துபோனேன். 38.1-லிருந்து 18.0-ஐக் கழித்தான். 20.1 விநாடி. நடுவில் பத்து அலைவு. ஒரு அலைவுக்கு 2.01. தொடக்கத்தில் வந்த தப்பு கழித்தலில் தானாகவே ஓடிப்போனது. விடை 9.77.

இதில் கவனிக்க ஒன்று உண்டு. நூலை 60, 80, 100, 120 என்று மாற்றி மாற்றி எடுத்தாலும் "ஒண்ணு" என்று தொடங்குகிறவனுக்கு எல்லா நீளத்திலும் அதே 10.88-தான் வந்துகொண்டிருக்கும். அட்டவணை அழகாக இருக்கும், ஒன்றோடொன்று ஒத்துப்போகும். எல்லாமே தப்பு. பல தடவை செய்து சராசரி எடுத்தால் போதும் என்று சொல்லிக்கொடுக்கிறோமே, அது எல்லாத் தப்பையும் பிடிக்காது என்பதை அன்றைக்கு அந்தப் பையன் கற்றுக்கொண்டான். ரப்பரால் அழித்து 9.8 எழுதியிருந்தால் இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்திருக்கும். மதிப்பெண்ணும் குறைந்திருக்காது.

நம் ரெக்கார்டு நோட்டின் வழக்கமே வேடிக்கை. வலது பக்கம் பேனா, இடது பக்கம் அட்டவணையும் படமும் பென்சில். பென்சில் எதற்கு? அழிக்கத்தான். ஆராய்ச்சிக்கூடங்களில் எண்ணைப் பேனாவில் எழுதுவார்கள். தப்பென்று தோன்றினால் படிக்கும்படி ஒரே கோடு கிழித்துவிட்டுப் பக்கத்தில் புதிதாக எழுதுவார்கள். நாம் அடித்தல் இல்லாத நோட்டுக்கு 'நீட்' என்று போட்டு மதிப்பெண் கொடுக்கிறோம். போன வருடத்து அண்ணன் நோட்டைப் பார்த்து எழுதியதுதான் எப்போதும் ரொம்ப நீட்டாக இருக்கும்.

இன்னொரு 'நீட்'டும் இருக்கிறது. 2017-லிருந்து அந்த மருத்துவ நுழைவுத் தேர்வு வந்த பிறகு ஆய்வகப் பீரியடில் கொள்குறி வினாத் தேர்வு எழுதிய பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். வேடிக்கை என்னவென்றால், 2024 பாடத்திட்டத்தில் அந்தத் தேர்வுக்கே இயற்பியலில் செய்முறைத் திறன்கள் என்று ஓர் அலகைச் சேர்த்துவிட்டார்கள். சின்ன நீளங்களை அளக்கும் வெர்னியர், திருகு அளவி, அப்புறம் தனி ஊசல் எல்லாம் அதில் உண்டு. உடனே பிள்ளைகள் வெர்னியரைக் கையில் எடுத்தார்களா? வெர்னியர் படம் போட்ட கேள்வித்தாளை எடுத்தார்கள்.

வேதியியல் பக்கம் வருகிறேன். அங்கே பாதிக் கல்வி விரலில் இருக்கிறது. டைட்ரேஷன் என்ற சோதனையில் இடது கையால் பியூரெட்டின் திருகை அணைத்துப் பிடித்து, வலது கையால் கோனிக்கல் பிளாஸ்கை (கூம்புக் குடுவையை)ச் சுழற்றி, கடைசியில் சொட்டு சொட்டாக விட்டு, நிறம் மாறும் அந்த ஒரு சொட்டில் நிறுத்த வேண்டும். நீச்சல் மாதிரி, தண்ணீரில் இறங்காமல் வராது. பியூரெட்டை ஊற்றப்போகும் கரைசலாலேயே அலச வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே ஒட்டியிருக்கும் தண்ணீர் கரைசலை நீர்த்துப்போக வைக்கும். ஆனால் கோனிக்கல் பிளாஸ்கைக் கரைசலால் அலசக் கூடாது, வெறும் தண்ணீர்தான். அலசினால் பிப்பெட்டில் எடுத்த 20 மில்லியோடு கணக்கில் வராத கொஞ்சமும் சேர்ந்துவிடும். ஒன்றுக்கு அலசு, இன்னொன்றுக்கு அலசாதே என்பதை மனப்பாடமாகச் சொல்லும் பிள்ளை பத்துப் பேர் என்றால், ஏன் என்று சொல்வது ஒருவர்தான். புனலைப் பியூரெட்டிலேயே விட்டுவிட்டு டைட்ரேஷன் செய்து, மேலிருந்து இரண்டு சொட்டு விழுந்து கணக்குக் கெட்டவர்கள் எத்தனையோ பேர். பெர்மாங்கனேட் அடர்ந்த ஊதா என்பதால் அதில் மட்டும் கரைசல் மட்டத்தின் கீழ் வளைவு தெரியாது, மேல் விளிம்பைப் படிக்க வேண்டும். இதையெல்லாம் தெரிந்துகொள்ளப் பிள்ளைக்குத் தனியாக ஒரு பியூரெட்டாவது வேண்டாமா? நாற்பது பேருக்கு நான்கு இருந்தால் ஒருத்தன் திருகைப் பிடிப்பான், ஒருத்தி எழுதுவாள், எட்டுப் பேர் ஜன்னல் வழியாக மைதானத்தைப் பார்ப்பார்கள்.

கொடுத்த உப்பு எது என்று கண்டுபிடிக்கும் உப்புப் பகுப்பாய்வு பற்றிச் சொன்னால் பழைய மாணவர்கள் சிரிப்பார்கள். தேர்வு நாளன்று வராண்டாவில் என்னிடம் கிசுகிசுப்பாகக் கேட்ட கேள்வி, "அண்ணே, என்ன சால்ட்?" நான் சொன்னதில்லை. ஆனால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு சலுகை உண்டு. உப்பைத் தீயில் காட்டி நிறம் பார்க்கும் சுடர் சோதனையில் ஆப்பிள் பச்சை தெரிந்ததும் சிவகாசிப் பக்கத்துப் பெண் ஒருத்தி புத்தகத்தைத் திறக்காமலே "பேரியம்" என்றாள். "பச்சை மத்தாப்புக்கு இதத்தான் போடுவாங்கன்னு அப்பா சொல்லியிருக்காரு சார்." அவளுக்கு முழு மதிப்பெண் போட அதுவே போதும் என்று எனக்குத் தோன்றியது. உறுதிச் சோதனையும் செய்ய வைத்தோம், அது வேறு.

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். கை பழகினால் மட்டும் போதாது. பரிசோதனை நியாயமாக நடந்ததா என்று கேட்கவும் பழக வேண்டும். எனக்கே அதைப் பழக்கியது ஒரு பத்தாம் வகுப்பு மாணவி.

அரை இலைச் சோதனை பெரும்பாலான வாசகர்களுக்கு நினைவிருக்கும். தொட்டிச் செடியை இரண்டு நாள் இருட்டறையில் வைத்து இலையிலுள்ள மாவுச்சத்தைத் தீர்த்துவிடுவோம். பிளந்த தக்கை போட்ட அகலவாய்ப் பாட்டிலுக்குள் ஒரு இலையின் நுனிப்பாதி போகும், அடிப்பாதி வெளியே காற்றில் இருக்கும். பாட்டிலின் அடியில் கார்பன் டைஆக்சைடை உறிஞ்சும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. சந்து வழியே காற்று புகாமல் வாசலின் பூசி, நான்கைந்து மணி நேரம் வெயில். பிறகு இலையைப் பறித்து வெந்நீரில் போட்டு, ஸ்பிரிட்டில் கொதிக்க வைத்துப் பச்சையை எடுத்து, மாவுச்சத்தை நீலமாகக் காட்டும் அயோடினை விட்டால் வெளியே இருந்த பாதி கருநீலமாகும், உள்ளே இருந்த பாதி ஆகாது. கார்பன் டைஆக்சைடு இல்லாமல் ஒளிச்சேர்க்கை இல்லை. பாடம் முடிந்தது, மணி அடித்தது.

(இடையில் ஒன்று. ஸ்பிரிட்டை நேரடியாகத் தீயில் வைக்கவே கூடாது, தண்ணீர் சட்டிக்குள் வைத்துத்தான் சூடாக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் நேராக வைத்துப் புருவத்தைக் கருக்கிக்கொண்டவன். பக்கத்தில் நனைத்த சாக்கு இருந்ததால் அதோடு போயிற்று.)

எல்லோரும் போன பிறகும் அந்தப் பெண் இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சார், பாட்டிலுக்குள்ள போனதுனாலயே மாவுச்சத்து வராமப் போயிருந்தா?"

பதினைந்து வருடம் அந்தச் சோதனைக்குப் பாட்டில் கழுவிக் கொடுத்தவன் நான். அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை. ஒரே இலை, ஒரே வெயில், ஒரே வேர் என்பதால் இதைவிட நேர்மையான ஒப்பீடு உண்டா என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் உள்ளே இருக்கும் பாதிக்கும் வெளியே இருக்கும் பாதிக்கும் கார்பன் டைஆக்சைடு மட்டுமா வித்தியாசம்? கண்ணாடிச் சுவர் இருக்கிறது, உள்ளே புழுக்கம் இருக்கிறது, காற்றோட்டம் இல்லை. குற்றவாளிக் கூண்டில் நான்கு பேர் நிற்கும்போது ஒருத்தரைக் கைகாட்டிவிட்டுப் போயிருக்கிறோம்.

"என்ன செஞ்சாத் தெரியும்?" என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "இன்னொரு பாட்டில் வேணும் சார். அதுல மருந்துக்குப் பதிலாத் தண்ணி" என்றாள்.

அடுத்த வாரம் செய்தோம். முதல் தடவை மேகமூட்டம். அயோடின் விட்டால் எங்குமே நீலம் இல்லை, வெளியே இருந்த பாதியில்கூட. அவளுக்கு அழுகை வராத குறை. நான் சொன்னேன், "வெளியே இருக்கிற பாதி எதுக்கு இருக்கு தெரியுமா தாயி? இன்னைக்குச் செஞ்சது செல்லாதுன்னு சொல்றதுக்கும்தான்." மறுபடி செடி இருட்டறைக்குப் போனது. இரண்டாம் தடவை நல்ல வெயில். இரண்டு பாட்டில், இரண்டு இலை, ஒரே செடி. வெளியே இருந்த பாதிகள் இரண்டும் கருநீலம். மருந்துப் பாட்டிலுக்குள் இருந்தது அயோடினின் பழுப்போடு நின்றது. தண்ணீர்ப் பாட்டிலுக்குள் இருந்தது நீலமானது. நான் கைதட்டப் போனேன். அவள் தடுத்தாள். "வெளியே இருந்த அளவுக்குக் கருப்பா இல்லையே சார்?"

உண்மைதான், கொஞ்சம் வெளிறியிருந்தது. மூடிய பாட்டிலுக்குள் இருக்கும் கார்பன் டைஆக்சைடே கொஞ்சம்தான், அது தீரத்தீர வேலை மந்தமாகியிருக்கலாம் என்று தாவரவியல் ஆசிரியை பிறகு விளக்கினார். ஆக, பாட்டிலுக்கும் ஒரு சிறு பங்கு உண்டு. பெரிய பங்கு மருந்துக்கு. புத்தகத்தில் இருந்ததைவிட ஒரு வரி கூடுதலாக எங்களுக்குத் தெரிந்தது. அன்று தேர்வு இருந்திருந்தால் அந்தக் கூடுதல் வரிக்கு இடம் இருந்திருக்காது. நோக்கம், முறை, முடிவு என்று எழுதும் விடையில் இரண்டாவது பாட்டிலை எங்கே வைப்பது?

அறிவியல் கண்காட்சிகளில் இதற்கு நேர்மாறாக நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு வருடம் பஞ்சகவ்யம் தெளித்த பாசிப்பயறு ஒரு தொட்டி, வெறும் தண்ணீர் விட்ட பாசிப்பயறு ஒரு தொட்டி. முதல் தொட்டியில் செடி முழங்கை உயரம், இரண்டாவதில் பாதி. பரிசும் கிடைத்தது. பஞ்சகவ்யத்தின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. என் மைத்துனர் தன் வயலுக்கு நூறு லிட்டர் தண்ணீருக்கு மூன்று லிட்டர் கலந்து அடிப்பவர். ஆனால் அந்த இரண்டு தொட்டிகளும் வளர்ந்த இடம் எனக்குத் தெரியும். ஒன்று மாடிப்படி ஓரம், காலை வெயில். மற்றது தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால். பிள்ளைகள் ஏமாற்றவில்லை. நன்றாக வளரவேண்டியதை நல்ல இடத்தில் வைத்தார்கள், அவ்வளவுதான். ஆசைப்பட்டதைத் தானாகவே கவனித்துக்கொள்ளும் மனது எல்லோருக்கும் உண்டு. அதனால்தான் எந்தத் தொட்டி எங்கே என்பதைக் காசு சுண்டித் தீர்மானிக்க வேண்டும், ஒரு தொட்டிக்குப் பதில் ஐந்தைந்து வைக்க வேண்டும், அளக்கிறவருக்கு எது எது என்று சொல்லக் கூடாது. பத்துப் பழைய பெயின்ட் டப்பாவும் ஒரு ரூபாய் நாணயமும் இருந்தால் நடக்கிற காரியம். நடுவராக வந்தவர்கள் தெர்மாகோல் அலங்காரத்தைப் பாராட்டினார்கள். டப்பா எங்கே இருந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

பிப்ரவரி 28 வந்தால் தேசிய அறிவியல் தினம். சர் சி.வி. ராமனைப் பற்றிப் பேச்சுப் போட்டி நடக்கும், பிள்ளைகள் நோபல் பரிசு பெற்ற 1930-ஐ மேடை அதிரச் சொல்வார்கள். 1928-ல் கல்கத்தாவில் அவரோடு அந்தப் பரிசோதனையைச் செய்த கே.எஸ். கிருஷ்ணன் எங்கள் மாவட்டத்து வத்திராயிருப்புக்காரர். அவர்கள் என்ன செய்தார்கள் என்று பேச்சில் வந்து நான் கேட்டதில்லை. சூரிய ஒளியின் பாதையில் நீல ஊதாவை மட்டும் விடும் ஒரு வடிகட்டி, மஞ்சள் பச்சையை மட்டும் விடும் ஒரு வடிகட்டி, இரண்டையும் சேர்த்து வைத்தால் திரவத்துக்குள் ஒளியின் தடம் முற்றிலும் மறைந்துவிடுகிறது. இரண்டாவதை மட்டும் எடுத்துத் திரவத்துக்கும் கண்ணுக்கும் நடுவே வைத்தால் தடம் மறுபடி தெரிகிறது. அதே சூரியன், அதே திரவம், அதே இரண்டு வடிகட்டி. இடம் மட்டும் மாறியது. உள்ளே போகாத நிறம் வெளியே வருகிறது என்றால் அது திரவத்துக்குள் பிறந்ததுதான். ஒரு திரவத்தில் பார்த்ததோடு நிற்காமல் சுமார் 60 திரவங்களில் பார்த்தார்கள். இரண்டாவது பாட்டில் கேட்ட பெண்ணும் வடிகட்டியை இடம் மாற்றிய இவர்களும் கேட்டது ஒரே கேள்வியைத்தான். பேச்சுப் போட்டி நடக்கும் அன்று ஆய்வகம் பூட்டியிருக்கும். நாற்காலி எடுக்க மட்டும் சாவி கேட்பார்கள்.

ஆசிரியர்களைக் குறை சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பிளஸ் டூவில் 70 எழுத்துத் தேர்வுக்கு, பத்தாம் வகுப்பில் 75. மீதியை எப்படியும் போட்டுவிடுவார்கள் என்பது பிள்ளைக்கும் தெரியும், பெற்றோருக்கும் தெரியும், தேர்ச்சி விழுக்காட்டுக்குப் பதில் சொல்லவேண்டிய தலைமை ஆசிரியருக்கும் தெரியும். அப்படி இருக்கும்போது எந்த ஆசிரியர் மெனக்கெட்டு இரண்டாவது பாட்டில் தேடுவார்?

ஆகவே பள்ளிக் கல்வித்துறைக்கு உங்கள் மூலமாக என் விண்ணப்பம். விடை 9.8-க்கு எவ்வளவு பக்கம் என்று பார்த்து மதிப்பெண் போடுவதை நிறுத்துங்கள். 10.88 வந்த பிள்ளை அதை அழிக்காமல் வைத்து, ஏன் இப்படி வந்திருக்கலாம் என்று இரண்டு வரி எழுதினால் முழு மதிப்பெண் கொடுங்கள். தேர்வாளர் வாய்மொழியாக ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்: "எதை மாற்றினாய், எதையெல்லாம் மாறாமல் பார்த்துக்கொண்டாய்?" விடை முன்கூட்டியே தெரியாத ஒரு சோதனையாவது பட்டியலில் இருக்கட்டும். எங்கள் ஊருக்கு ஏற்றது ஒன்று சொல்கிறேன். போர் தண்ணீர், குழாய்த் தண்ணீர், மழைத் தண்ணீர் மூன்றிலும் எதில் சோப்பு சீக்கிரம் நுரைக்கிறது? மூன்று சோதனைக் குழாயில் ஒரே அளவு தண்ணீர், ஒரே சோப்புக் கரைசல், சொட்டு எண்ணி விட்டு ஒரே எண்ணிக்கையில் குலுக்க வேண்டும், நுரை கலையாமல் நிலைக்கும்வரை. செலவு பத்து ரூபாய்கூட ஆகாது. ஒவ்வொரு தெருப் பிள்ளையும் தன் வீட்டுத் தண்ணீரைக் கொண்டுவந்தால் அண்ணன் நோட்டைப் பார்த்து எழுத முடியாது.

காலியாகக் கிடக்கும் ஆய்வக உதவியாளர் இடங்களையும் நிரப்புங்கள். அதுவரை எங்கள் வட்டாரத்தில் எந்தப் பள்ளி கூப்பிட்டாலும் வாரத்தில் ஒருநாள் வந்து பியூரெட் பிடிக்கச் சொல்லிக்கொடுக்க நான் தயார். சம்பளம் வேண்டாம், மதியத்துக்கு டீ போதும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆய்வக உதவியாளர்,
விருதுநகர் மாவட்டம்.

பி.கு: தேர்வு முடிந்து ஆய்வகத்தைப் பூட்டும் முன் பியூரெட்டின் கண்ணாடித் திருகுகளைக் கழற்றிக் கழுவி, இடையில் ஒரு துண்டுக் காகிதம் வைத்துச் செருகிவிடச் சொல்லுங்கள். காரம் ஒட்டியபடியே கோடை முழுவதும் கிடந்தால் ஜூனில் திருகு இறுகிப்போயிருக்கும். திருப்பப் பார்த்தால் கையோடு உடையும். இருக்கிற நான்கும் அப்படித்தான் மூன்றாகிறது.